உடைந்த பல்லுக்கு ஐந்து வெள்ளி

பகலில் நான் செய்வது மனிதப் பற்கள்.
ஊபியில், நான்காம் தளத்தில்,
ஏர்கான் நீர் சொட்டும் ஜன்னலோரம்
பீங்கான் பொடியைக் குழைத்து
முகம் தெரியாத ஒருவரின் கடைவாயில்
காலியான இடத்தை நிரப்புகிறேன்.
முழுவெள்ளைப் பல் எந்த உயிருக்கும் கிடையாது.
ஈறருகே தேநீர்ச் சாயம் போல ஒரு மஞ்சள்,
நுனியில் ஏறக்குறைய கண்ணாடி.
பொம்மைத் தொழிற்சாலைகளுக்கு இது தெரிவதில்லை.
ஒரே முக்கில் வெள்ளை, ஈறெல்லாம் வழிசல்.

இரவில் என் வீட்டு மேசைக்கு வருபவை
எட்டுக் கோடி வருடம் தாமதமான நோயாளிகள்.
ஒன்றுக்கு முப்பத்தைந்து என்ற அளவில்
பன்னிரண்டு மீட்டர் டைலோசாரஸ்
என் முழங்கையில் தொடங்கி விரல்முட்டியில் முடிகிறது.
ஆமையோட்டை நொறுக்கிய பல்
அக்காள் மகனின் பால்பல்லைவிடச் சிறிது.
அதே கணக்கில் நான்
சுண்டுவிரல் உயரம்கூட இல்லை.
வீட்டுக் கடன் மட்டும்
எதனால் வகுத்தாலும் அதே அளவு.

வாயைத் திறந்ததும் தெரிந்துவிடும்
செய்தவர் படித்துவிட்டுச் செய்தாரா என்று.
படித்தவர் மேலண்ணத்தில் இன்னொரு வரிசை வைத்திருப்பார்:
உள்நோக்கி வளைந்த சிறு பற்கள்,
விழுங்கியது திரும்பி வராதிருக்க.
மற்றவர் ரோஜா நிறம் அடித்து மூடிவிடுவார்.
அந்த வாய்களுக்கு ஒவ்வொன்றாய் நட்டுக்கொடுப்பேன்
மூச்சைப் பிடித்துக்கொண்டு.
விழுங்கியது திரும்பி வராத இன்னொரு வாயும் எனக்குத் தெரியும்.
அதற்கு லிப்ஸ்டிக் போட்டுத்தான்
தினமும் வேலைக்குப் போகிறேன்.

திமி என்றொரு மீனாம்.
அதை விழுங்குவது திமிங்கிலம்.
அதையும் விழுங்குவது திமிங்கிலகிலம்.
அதற்கு மேல் பெயர் வைக்க
நம்மவர்களுக்கு மூச்சு வாங்கியிருக்கும்.

ஸுல்ஹில்மி கொண்டுவந்தது மூன்றாம் கை.
பாய லேபார் எம்ஆர்டி,
கதவுக்கு அந்தப்புறம் அவர், இந்தப்புறம் நான்.
வெளியே வந்தால் கட்டணம் என்பதால்
கதவின் மேலாகவே கைமாறியது
ஃபேர்பிரைஸ் பையில் ஒரு டைலோசாரஸ்,
வால் மட்டும் வெளியே.
எண்ணெய்ப் படகில் வேலை என்றார்.
கடலில்தான் இருக்கிறேன்,
பார்ப்பதென்னவோ அளவுமானியை.

இருபத்திரண்டு இரவுகள்.
கடைசி இரவில்
வலப்பக்கம், முன்னிருந்து மூன்றாவது பல்லைக்
கத்தி முனையால் ஒடித்தேன்.
கை தவறி அல்ல.
மூக்கால் முட்டி வேட்டையாடிய மிருகம்,
அதன் வாயில் ஒரு பல்கூடவா போயிருக்காது?
வாழ்ந்ததற்கு
வேறெங்கே கையெழுத்துப் போடுவது.

கட்டைவிரலால் தடவிப் பார்த்தார்.
இருபுறமும் ஆட்கள், அட்டைகளின் பீப் பீப்.
ஒன்று உடைந்திருக்கிறது, என்றார்.
ஆமாம், என்றேன்.
ஐந்து வெள்ளி குறைத்துக் கொடுத்தார்.
வாங்கிக்கொண்டேன்.
சொல்ல இருந்ததெல்லாம் அந்த இரண்டாம் வரிசையைத் தாண்டிவிட்டது.

ஒன்பதாம் நாள் ஒரு படம் வந்தது.
படகின் சுக்கான் அறை.
கண்ணாடிக்கு வெளியே
நங்கூரமிட்ட கப்பல்களின் விளக்குகள்.
உள்ளே, அளவுமானியின் மேல்,
ரப்பர் பட்டையால் கட்டி வைத்த என் நோயாளி
நிஜக் கடலைவிடச் சற்று உயரத்தில்
வாய் பிளந்து நிற்கிறது.
கீழே ஒரு வரி:
அந்த உடைந்த துண்டு இருக்கிறதா?
இதன் பக்கத்தில் வைக்க வேண்டும்.

மேசைக்கடியில், துடைப்பத் தூசியில்,
வீட்டுச் செருப்பின் அடியில்.
மூன்று மில்லிமீட்டரில் பாதி அது.
தரைக்கும் இருக்கிறது போல
மேலண்ணத்தில் இன்னொரு வரிசை.

நேற்றிரவு
படத்தைப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு
ஓர் உடைந்த துண்டைச் செய்தேன்,
அந்த முறிவில் உட்காரும் முறிவோடு,
நுனியில் ஏறக்குறைய கண்ணாடி.
எந்த வாயிலும் ஒருபோதும் இருந்திராத துண்டு.
முழுப்பல்லைவிட மும்மடங்கு வேலை.

சனிக்கிழமை, அதே கதவு.
கட்டணம் எழுதி அனுப்பிவிட்டேன்:
ஐந்து வெள்ளி.